"எங்கள்"னு சொல்ல யாருக்கு உரிமை? பழைய யூதர்களோட ஜெபமும் அதுக்குள்ள நடந்த அடையாளச் சண்டையும்

மிஷ்னான்னு யூதர்களோட பழைய சட்டத் தொகுப்பு ஒண்ணு இருக்கு, கி.பி. 200 வாக்குல தொகுத்து முடிச்சது. அதுல முதல் விளைச்சலை கோயிலுக்கு எப்படி கொண்டு போகணும்னு பேசிட்டிருக்கும்போதே நடுவுல ஒரு விதி எட்டிப் பாக்குது. வேற இனத்துலேர்ந்து மதம் மாறி வந்த ஒருத்தர் தனியா ஜெபம் பண்ணினா "இஸ்ரவேலின் பிதாக்களுடைய தேவனே"ன்னு சொல்லணும், ஜெபஆலயத்துல எல்லாரோடயும் சேந்து நிக்கும்போது "உங்கள் பிதாக்களுடைய தேவனே"ன்னு சொல்லணும், அவரோட அம்மா இஸ்ரவேல்காரியா இருந்தா மட்டும் "எங்கள் பிதாக்களுடைய தேவனே"ன்னு சொல்லிக்கலாம்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அந்த மனுஷன் தன் பழைய சாமிய எல்லாம் விட்டுட்டு, சொந்தக்காரங்கள விட்டுட்டு, விருத்தசேதனம் எல்லாம் பண்ணிக்கிட்டு வந்து நிக்கிறான், சுத்தி இருக்கிற எல்லாரும் ஒரே குரல்ல "எங்கள்"ங்கிறாங்க, இவன் மட்டும் அந்த ஒரு இடத்துல நாக்கைத் திருப்பி "உங்கள்"னு சொல்லணும். ஜெபம் என்னவோ கடவுள்கிட்ட தான், ஆனா "உங்கள்"னு சொன்ன அந்த நொடியில அது பக்கத்துல நிக்கறவனைப் பாத்துப் பேசற பேச்சா ஆயிடுது.

பழைய யூதர்களோட ஜெபத்தைப் பத்தி எழுதறவங்க பெரும்பாலும் கோயில் இடிஞ்சுச்சு, பலி நின்னு போச்சு, அதுக்குப் பதிலா ஜெபம் வந்துச்சுன்னு ரெண்டு வரியில முடிச்சிருவாங்க. அது தப்புன்னு சொல்ல வரல. ஆனா எனக்கு என்னமோ அந்த ஜெபங்களோட முக்கியமான வேலையே இந்த "எங்கள்"ங்கிற சொல்லுல தான் நடந்துருக்குன்னு தோணுது. ஊர் ஊரா, நாடு நாடா சிதறிக் கெடந்த ஜனங்க, ராஜா கிடையாது, சில பேருக்கு பாஷை கூட வேற, அவங்களை ஒரு கூட்டமா கட்டி வச்ச கயிறு அதுதான், யாரை அந்தக் கட்டுக்கு வெளிய நிறுத்தறதுன்னு முடிவு பண்ணினதும் அதுதான்.

இதுல தமிழ்ல படிக்கறவங்களுக்கு ஒரு லாபம் இருக்கு. எபிரெயத்துல "நாம்", "நாங்கள்" ரெண்டுக்கும் ஒரே சொல்தான், "எலோஹேனு"ன்னா நம்ம தேவன்னும் எடுத்துக்கலாம், எங்க தேவன்னும் எடுத்துக்கலாம். தமிழ்ல அப்படி மழுப்ப முடியாது, கேக்கறவனைச் சேத்தா நாம், சேக்கலேன்னா நாங்கள். அதனால தமிழ் பைபிளை மொழிபெயர்த்தவங்க ஒவ்வொரு இடத்துலயும் நின்னு யோசிச்சு ஒண்ணைத் தேர்ந்தெடுத்தே ஆகணும். உபாகமம் 6:4-ல "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்"னு வருது. இங்க நம்முடைய. பரமண்டல ஜெபத்துல "எங்கள் பிதாவே". அங்க எங்கள்.

ஏன் அந்த வித்தியாசம்னா, ஷெமான்னு சொல்ற அந்த முதல் வசனம் கடவுளைப் பாத்து சொல்றதே இல்ல. "இஸ்ரவேலே, கேள்"னு ஜனங்களைப் பாத்து சொல்றது. யூதர்கள் காலையிலயும் ராத்திரியிலயும் கட்டாயம் சொல்ற வசனம் இது, கடவுள்கிட்ட எதுவும் கேக்கறதுக்கு முன்னாடி ஒருத்தன் இன்னொருத்தனைப் பாத்து "டேய் கேளு, நம்ம தேவன் ஒருத்தர்தான்"னு ஞாபகப்படுத்திக்கிறான். அப்புறம் தான் எழுந்து நின்னு கடவுள்கிட்ட திரும்பி "எங்களைக் குணமாக்கும், எங்களைக் கூட்டிச் சேரும்"னு கேக்கறான். முதல்ல நாம், அப்புறம் நாங்கள். எபிரெயத்துல கண்ணுக்குத் தெரியாத இந்தத் திருப்பம் தமிழ்ல பளிச்சுனு தெரியுது.

நான் படிச்சது மிஷன் ஸ்கூல், காலையில அசெம்பிளில எல்லா மதத்துப் பசங்களும் கண்ணை மூடிக்கிட்டு "எங்கள் பிதாவே"ன்னு ஒப்பிப்போம், அந்த "எங்கள்"ல நான் இருக்கேனா இல்லையான்னு ஒருநாளும் யோசிச்சதில்ல. மிஷ்னா காலத்து ஆளுங்க நிச்சயமா யோசிச்சிருப்பாங்க.

சரி, ரொம்பப் பின்னாடி போவோம். தெற்கு எகிப்துல, இன்னைக்கு அஸ்வான் இருக்கிற இடத்துல நைல் ஆத்துக்கு நடுவுல எலிஃபன்டைன்னு ஒரு தீவு. கி.மு. அஞ்சாம் நூற்றாண்டுல பாரசீக ராஜாவுக்கு வேலை பாத்த யூத சிப்பாய்ங்க குடும்பத்தோட அங்க இருந்தாங்க, யாஹோங்கிற பேர்ல கும்பிட்ட கடவுளுக்கு சொந்தமா ஒரு கோயிலும் வச்சிருந்தாங்க. கி.மு. 410-ல பக்கத்துல இருந்த க்னூம் சாமியோட பூசாரிங்க உள்ளூர் அதிகாரியைக் கையில போட்டுக்கிட்டு அந்தக் கோயிலை இடிச்சுத் தள்ளிட்டாங்க. மூணு வருஷம் கழிச்சு கி.மு. 407-ல யெதோனியாங்கிற தலைவரும் மத்த ஆசாரியர்களும் யூதேயா ஆளுநருக்கு ஒரு மனு எழுதறாங்க, அது பாப்பிரஸ்ல அப்படியே கெடைச்சிருக்கு. நாங்க, எங்க மனைவிமார், எங்க பிள்ளைங்க எல்லாரும் சாக்குத்துணி கட்டிக்கிட்டு, உபவாசம் இருந்து, பரலோகத்தின் ஆண்டவரான யாஹோகிட்ட ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கோம், எங்க மனைவிமார் விதவை மாதிரி இருக்காங்க, எண்ணெய் தடவறதில்ல, திராட்சரசம் குடிக்கறதில்லன்னு போகுது அந்த மனு. கோயிலைத் திரும்பக் கட்ட அனுமதி குடுத்தா உங்களுக்காக எப்பவும் ஜெபம் பண்ணுவோம், நாங்களும் எங்க மனைவி பிள்ளைங்களும் இங்க இருக்கிற யூதர்கள் எல்லாரும்னு ஒரு வாக்குறுதியும் இருக்கு.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், ஜெபம்ங்கிறது இங்க ஒரு கூட்டத்தோட கையெழுத்து மாதிரி வருது, அரசாங்கத்துக்கு எழுதற மனுவுல கூட "நாங்க இன்னார்"னு காட்ட அதைத்தான் முன்னாடி வைக்கிறாங்க. அதே மனுவுல இன்னொரு வருத்தமும் பதிவாகியிருக்கு, இதுக்கு முன்னாடியே எருசலேம் பிரதான ஆசாரியனுக்கும் அங்க இருந்த பெரியவங்களுக்கும் எழுதினோம், ஒரு கடுதாசி கூட திருப்பி வரலன்னு. எருசலேம்காரங்க கணக்குல இந்தத் தீவுக்காரங்க "நம்ம ஆளுங்க" லிஸ்ட்ல இருந்தாங்களாங்கிறதே சந்தேகம் தான். அதுக்குக் காரணமும் இல்லாம இல்ல, அந்தத் தீவோட நன்கொடைக் கணக்கு ஒண்ணுல பணம் யாஹோவுக்கு மட்டும் போகாம அனாத்பெத்தேல், எஷெம்பெத்தேல்னு வேற ரெண்டு தெய்வங்களுக்கும் பங்கு போயிருக்கு. கடைசியில ஆளுநர்கிட்டேர்ந்து வந்த பதில்ல தானியக் காணிக்கையும் தூபமும் போடலாம்னு இருக்கு, மிருக பலியைப் பத்திப் பேச்சே இல்ல.

எருசலேம்ல கோயில் இருந்தவரைக்கும் சாதாரண ஆளுக்கு அங்க பெருசா வேலை கிடையாது. தினமும் காலையில ஒரு ஆட்டுக்குட்டி, சாயந்திரம் ஒரு ஆட்டுக்குட்டி, எல்லாத்தையும் ஆசாரியர்கள் பாத்துப்பாங்க. ஆனா பலி மொத்த ஜனத்து பேர்லயும் நடக்குது, கலிலேயாவுல வயல்ல நிக்கறவனுக்கும் அதுல பங்கு இருக்கு, அவன் இல்லாமலே அவன் காணிக்கை எப்படி செல்லும்னு மிஷ்னாவே கேள்வி கேக்குது. அதுக்கு அவங்க சொல்ற ஏற்பாடு அழகானது. நாட்டை 24 முறையா பிரிச்சு, ஒவ்வொரு முறைக்கும் ஒரு வாரம் வரும்போது அந்தப் பகுதி ஆசாரியர்களும் லேவியர்களும் எருசலேமுக்குக் கெளம்பிப் போவாங்க, ஊர்ல மிச்சம் இருக்கிறவங்க அவங்கவங்க ஊர்லயே கூடி ஆதியாகமத்தோட படைப்புக் கதையைப் படிப்பாங்க. அங்க நெருப்புல ஆடு, இங்க வாயில வார்த்தை, ரெண்டும் ஒரே நேரத்துல. இது உண்மையிலயே அவ்ளோ ஒழுங்கா நடந்துச்சா, இல்ல கோயில் போனதுக்கப்புறம் ஏக்கத்துல கொஞ்சம் அலங்காரம் பண்ணிச் சொன்னாங்களாங்கிறது வேற விஷயம்.

சங்கீதங்களை எடுத்துக்கிட்டா பாதிக்கு மேல "நான்" தான் பேசும். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்"ங்கிறது தனி மனுஷன் குரல். எரேமியாவும் அப்படித்தான், "கர்த்தாவே, என்னைக் குணமாக்கும், அப்பொழுது குணமாவேன்"னு கெஞ்சுவார். இதே வரி பிற்காலத்துல தினசரி ஜெபத்துக்குள்ள வந்தப்ப என்ன ஆச்சுன்னா "எங்களைக் குணமாக்கும், அப்பொழுது குணமாவோம்"னு மாறிடுச்சு. எரேமியாவோட வேதத்தையே பன்மைக்கு மாத்தற துணிச்சல் வேணும் அதுக்கு.

இந்தப் பன்மை எங்க வளந்துச்சுன்னா கோயிலுக்கு வெளிய, கூடற இடங்கள்ல. தமிழ் பைபிள்ல "ஜெபஆலயம்"னு இருக்கிறதப் பாத்து அது ஜெபத்துக்குன்னே கட்டினதுன்னு நெனைச்சிருவோம், ஆனா மூலத்துல இருக்கிற கிரேக்கச் சொல்லுக்கு அர்த்தம் "கூட்டம்", அவ்ளோதான். எருசலேம்ல 1913-14 அகழ்வாய்வுல ஒரு கிரேக்கக் கல்வெட்டு கெடைச்சது, தியோடோட்டஸ்னு ஒரு ஆசாரியர், அப்பா தாத்தா காலத்துலேர்ந்தே ஜெபஆலயத் தலைவர் குடும்பம், அவர் கட்டினதைப் பத்தி அதுல எழுதியிருக்கு. நியாயப்பிரமாணத்தைப் படிக்கறதுக்கு, கட்டளைகளைச் சொல்லிக்குடுக்கறதுக்கு, வெளியூர்லேர்ந்து வர்றவங்க தங்க ரூம், தண்ணி வசதி. ஜெபம்ங்கிற வார்த்தையே இல்ல! பக்கத்துலயே கோயில் இருக்கும்போது இதுக்கு எதுக்கு ஜெபம்னு விட்டுட்டாங்க போல.

எகிப்துல கதையே வேற. கோயில் ரொம்ப தூரம். அலெக்சாண்டிரியா பக்கத்துல ஸ்கேதியாங்கிற ஊர்ல கி.மு. மூணாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, தாலமி ராஜாவுக்காகவும் பெரெனீக்கே ராணிக்காகவும் யூதர்கள் இந்த "ப்ரொசியூக்கே"யை அர்ப்பணிக்கிறாங்கன்னு சொல்லுது. ப்ரொசியூக்கேன்னா ஜெபம், கட்டடத்துக்கே ஜெபம்னு தான் பேரு. நம்ம "ஜெபஆலயம்" உண்மையில இந்த எகிப்து யூதர்களோட சொல்லுக்குத்தான் கரெக்டான மொழிபெயர்ப்பு. கல்வெட்டுல ராஜா பேர் ஏன் வருதுன்னு கேட்டா, ஒரு கல்லுல ரெண்டு மாங்கா, நாங்க ராஜாவுக்கு விசுவாசமானவங்க, ஆனா ராஜாவைக் கும்பிட மாட்டோம், ராஜாவுக்காக எங்க கடவுளைக் கும்பிடுவோம். இந்த ஏற்பாடு எவ்ளோ மெல்லிசானதுன்னு கி.பி. 38-ல தெரிஞ்சுது, அலெக்சாண்டிரியாவுல கலவரம் வெடிச்சப்ப கும்பல் முதல்ல கை வச்சது இந்த ஜெப வீடுகள்ல தான், சிலதை இடிச்சாங்க, சிலதுக்குள்ள ரோமப் பேரரசன் காயுஸ் சிலையைக் கொண்டு போய் வச்சாங்க, இதையெல்லாம் நேர்ல பாத்த ஃபிலோ எழுதி வச்சிருக்கார்.

அந்த அலெக்சாண்டிரியாவோட பெரிய ஜெபஆலயத்தைப் பத்தி மிஷ்னாவோட துணைத் தொகுப்பான தொசெஃப்தாவுல ஒரு வர்ணனை இருக்கு, கேட்டா விட மாட்டீங்க. ரெட்டை வரிசைத் தூண் மண்டபம், எகிப்தை விட்டு மோசேயோட வெளிய வந்த கூட்டத்தைப் போல ரெண்டு மடங்கு ஜனம் அடங்குமாம் (நம்ம ஊர் மாநாட்டுக் கணக்கு மாதிரி வச்சுக்கோங்க). பெரியவங்களுக்குப் பொன்னால 71 ஆசனம். நடுவுல மர மேடை. ஒருத்தர் வேதம் படிக்க வந்து ஆசீர்வாதம் சொன்னா பின்னாடி இருக்கிறவங்களுக்குக் காதுலயே விழாது, அதனால மேடை ஓரத்துல ஒரு ஆளு துணியை வச்சுக்கிட்டு நிப்பாரு, அவர் துணியை ஆட்டினதும் மொத்தக் கூட்டமும் "ஆமென்"னு சொல்லணும். கும்பல்ல கோவிந்தா போடறதுன்னு நாம கிண்டலா சொல்றத அவங்க முறையாவே ஏற்பாடு பண்ணி வச்சிருக்காங்க. எதுக்கு ஆமென் சொல்றோம்னு காதுல விழலேன்னாலும் பரவாயில்ல, கூட்டத்தோட குரல்ல உன் குரலும் இருந்தா போதும்.

அதோட நிக்கல. யாரும் கலந்து கட்டி உக்கார மாட்டாங்களாம், பொன் வேலை செய்யறவங்க ஒரு பக்கம், வெள்ளி வேலைக்காரங்க ஒரு பக்கம், நெசவாளிங்க ஒரு பக்கம், கொல்லருங்க ஒரு பக்கம். புதுசா ஒருத்தன் ஊருக்குப் பொழைக்க வந்தா நேரா உள்ள வந்து தன் தொழில்காரங்க எங்க உக்காந்திருக்காங்கன்னு பாத்து அங்க போய் உக்காருவான், சோத்துக்கு வழி பொறந்துடும். ஜெபஆலயமே வேலைவாய்ப்பு அலுவலகமும் சங்கமும். அடையாளம்னு நாம பெரிய வார்த்தையா பேசறோம், அந்தப் புது நெசவாளிக்கு அது யார் பக்கத்துல உக்காரறதுங்கிற கேள்வி தான். கி.பி. 115-117 கலகத்துல எகிப்து யூத சமூகமே நொறுங்கிப் போச்சு, அந்த மண்டபமும் அதோட சரி.

இதே காலத்துல சாக்கடல் ஓரத்துல கும்ரான் பக்கம் இன்னொரு கூட்டம், இவங்களோட "நாங்கள்" ரொம்ப சின்னது, ரொம்ப இறுக்கமானது. எருசலேம் கோயில் நடத்தறவங்க கெட்டுப் போயிட்டாங்கன்னு ஒதுங்கி வந்தவங்க, "உதடுகளின் காணிக்கை"ன்னு ஜெபத்தையே பலி மாதிரி செலுத்தினாங்க. மாசத்துல ஒவ்வொரு நாளுக்கும் காலை ஜெபம் மாலை ஜெபம், வாரத்துல ஒவ்வொரு கிழமைக்கும் தனி ஜெபம்னு எழுதி வச்ச சுருள்கள் கெடைச்சிருக்கு. அவங்க விதிமுறைச் சுருள்படி வருஷம் பூரா ஒவ்வொரு ராத்திரியிலயும் மூணுல ஒரு பங்கு நேரம் கூடி முழிச்சிருந்து படிக்கணும், சேந்து ஸ்தோத்திரம் பண்ணணும்.

ஆனா உண்மையான வெட்டு காலண்டர்ல விழுந்துச்சு. அவங்களுக்கு வருஷம் 364 நாள், எருசலேம்ல சந்திரனைப் பாத்து மாசம் கணக்கு. அப்போ பண்டிகைங்க ஒரே நாள்ல வராது. ஆபகூக் புத்தகத்துக்கு அவங்க எழுதின உரையில "துன்மார்க்க ஆசாரியன்" அவங்களோட பாவநிவாரண நாள்ல, வருஷத்துலயே பெரிய உபவாச நாள் அது, வந்து தாக்கினான்னு ஒரு குற்றச்சாட்டு வரும். பிரதான ஆசாரியன் அந்த நாள்ல கோயிலை விட்டு எப்படி வெளிய வருவான்னா, அவனுக்கு அன்னைக்கு சாதாரண நாள், அதான். நீ உபவாசம் இருக்கிற அன்னைக்கு பக்கத்து வீட்டுக்காரன் பிரியாணி சாப்பிட்டா ரெண்டு பேரும் ஒரே மதம்னு எவ்ளோ நாள் சொல்லிக்க முடியும்.

கி.பி. 70-ல ரோமப் படை எருசலேமையும் கோயிலையும் அழிச்சுது. அதுக்கப்புறம் யாவ்னேங்கிற ஊர்ல ரபிகள், அதாவது யூத வேத ஆசிரியர்கள், கூடினாங்க, தலைவர் ரபான் கமாலியேல். நின்னுக்கிட்டு சொல்ற ஜெபம், ஆமிதான்னு பேரு, அதுல 18 ஆசீர்வாதம், இதை ஒவ்வொருத்தரும் தினமும் சொல்லணும்னு அவர் சொல்றாரு. இதுக்கு முன்னாடியே இருந்த ஜெபங்களைத் தொகுத்தாங்களா, இல்ல புதுசா உருவாக்கினாங்களான்னு ஆய்வாளர்கள் ரெண்டு கட்சி, யோசெஃப் ஹைனமன் ஜனங்க வாயில கொஞ்சம் கொஞ்சமா வளந்ததுன்னாரு, எஸ்ரா ஃப்ளைஷர் அப்படியெல்லாம் கிடையாது, யாவ்னேயில உக்காந்து போட்ட ஏற்பாடு தான்னாரு. எனக்கு கும்ரான் சுருள்களைப் பாத்தா ஹைனமன் பக்கம் தான் சாயத் தோணுது, கட்டாயமாக்கினது வேணா யாவ்னேயோட வேலையா இருக்கலாம்.

கமாலியேல் சொன்னதை மத்தவங்க அப்படியே தலையாட்டி ஏத்துக்கல. ரபி யோசுவா, சுருக்கம் சொன்னா போதும்னாரு. ரபி அகிவா, வாயில சரளமா வந்தா பதினெட்டும் சொல்லு, வரலேன்னா சுருக்கம் சொல்லுன்னு நடுவுல வந்தாரு. ரபி எலியேசர் போட்டாரு ஒரு போடு, ஜெபத்தை ஒரே மாதிரி நிலையா ஆக்கிட்டவனோட ஜெபம் கெஞ்சலே கிடையாதுன்னு. எல்லாரும் ஒரே வார்த்தை சொன்னா தான் கூட்டம் ஒண்ணா இருக்கும், ஆனா ஒரே வார்த்தையைத் தினம் சொன்னா மனசு அதுல இருக்காது. ரெண்டு பேர் சொல்றதும் சரி தானே!

சண்டை எங்க போய் முடிஞ்சுதுன்னு, மிஷ்னாவுக்கு விளக்கமா பாபிலோனியாவுல தொகுத்த பாபிலோனியத் தல்மூத் சொல்ற கதை சினிமா மாதிரி இருக்கும், நடந்து சில நூறு வருஷம் கழிச்சு எழுதினது, அதை மனசுல வச்சுக்கோங்க. ராத்திரி ஜெபம் கட்டாயமா இஷ்டமான்னு ஒரு மாணவன் யோசுவாகிட்ட கேக்கறான், இஷ்டம்ங்கிறாரு. கமாலியேல்கிட்ட போறான், கட்டாயம்ங்கிறாரு. அப்புறம் சபையில கமாலியேல் எல்லார் முன்னாடியும் கேக்கறாரு, இதுல யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா? யோசுவா இல்லன்னு சொல்லிடறாரு. அப்போ உன் பேர்ல இஷ்டம்னு சொன்னதா சாட்சி இருக்கே, எழுந்து நில்லுன்னு நிக்க வச்சு, இவர் உக்காந்துக்கிட்டு பாடம் நடத்தறாரு. பெரிய மனுஷனை ஸ்கூல் பையன் மாதிரி நிக்க வச்சதைப் பாத்துக் கூட்டம் முணுமுணுக்குது, ஏற்கனவே ஒரு தடவை நாள் கணக்குல தகராறு வந்தப்ப யோசுவாவை, அவர் கணக்குப்படி பாவநிவாரண நாள்ல, கோலும் பணப்பையுமா (அன்னைக்கு அதையெல்லாம் எடுத்துக்கிட்டு நடக்கவே கூடாது) வந்து நிக்க வச்சவர் இந்த கமாலியேல், அந்தக் கோவமும் சேர பதவியிலேர்ந்தே இறக்கிடறாங்க. இளவயசுக்காரரான எலெயாசர் பென் அசரியாவைத் தலைவராக்கறாங்க, வாசல்ல நின்ன காவல்காரனை எடுத்துடறாங்க, அன்னைக்கு உள்ள வந்த கூட்டத்துக்கு நூத்துக்கணக்குல பெஞ்சு போட வேண்டியதாயிடுச்சாம். அப்புறம் கமாலியேல் மன்னிப்பு கேக்க யோசுவா வீட்டுக்குப் போறாரு, சுவரெல்லாம் கரி. நீ கரி வேலை செய்யற ஆளுன்னு சுவரைப் பாத்தாலே தெரியுதேங்கிறாரு. நீ தலைவனா இருக்கிற தலைமுறைக்கு ஐயோ, படிச்சவங்க எப்படிப் பொழைக்கறாங்கன்னு கூட உனக்குத் தெரியலயேன்னு யோசுவா திருப்பிக் குடுக்கறாரு.

அதே கமாலியேல் காலத்துல தான் அந்தப் பதினெட்டோட இன்னொண்ணு சேந்ததா தல்மூத் சொல்லுது, "மினிம்" அதாவது வழிதவறினவங்களுக்கு எதிரான ஒண்ணு, பேரு ஆசீர்வாதம், உள்ளடக்கம் சாபம். சாமுவேல் ஹக்காத்தான்ங்கிற ஆளு இயற்றினாராம், அடுத்த வருஷம் அவரே ஜெபம் நடத்தும்போது மறந்து போய் ரெண்டு மூணு மணி நேரம் யோசிச்சிக்கிட்டு நின்னாராம். பொதுவா இதைச் சொல்லாம தாண்டறவரை, ஒருவேளை இவரே அந்த ஆளோன்னு மேடையிலேர்ந்து இறக்கிடுவாங்க, இவரை மட்டும் எழுதினவர்ங்கிறதால விட்டாங்க. அதாவது ஜெபமே ஒரு சோதனைச்சாவடி ஆயிடுச்சு. கெய்ரோ கெனிசாவுல, அதாவது பழைய ஏடுகளைப் போட்டு வச்ச ஜெபஆலய அறையில, கெடைச்ச பிரதி ஒண்ணை சாலமன் ஷெக்டர் 1898-ல வெளியிட்டப்ப அதுல "நொத்ஸ்ரிம்"னு, நசரேயர்னு, அதாவது கிறிஸ்தவங்கன்னு, நேராவே வார்த்தை இருந்துச்சு. அது எப்போ உள்ள வந்துச்சுங்கிறதுல இன்னும் சண்டை ஓயல, ஆனா ரெண்டாம் நூற்றாண்டு நடுவுலயே ஜஸ்டின்ங்கிற கிறிஸ்தவர் உங்க ஜெபஆலயங்கள்ல எங்களைச் சபிக்கறீங்கன்னு புலம்பியிருக்கார்.

வெளியாளைத் தள்ளறதுக்காக உள்ள இருந்த பொக்கிஷத்தையே தூக்கிப் போட்ட கதையும் உண்டு. கோயில்ல ஆசாரியர்கள் தினமும் ஷெமாவுக்கு முன்னாடி பத்துக் கட்டளையைச் சொல்வாங்கன்னு மிஷ்னாவுல இருக்கு. எகிப்துல வாங்கின நாஷ் பாப்பிரஸ்ங்கிற கி.மு. காலத்துத் துண்டுல பத்துக் கட்டளையும் அது முடிஞ்சதும் ஷெமாவும் ஒரே தாள்ல இருக்கு, கும்ரான்ல கெடைச்ச சின்னச் சின்ன தோல் தாயத்துகள்லயும், நெத்தியிலயும் கையிலயும் கட்டிக்கிறது, பத்துக் கட்டளை இருக்கு. அப்புறம் காணோம். ஏன்னா இது மட்டும் தான் சீனாய் மலையில குடுத்தது, மத்த சட்டமெல்லாம் தேவையில்லன்னு மினிம் பேச ஆரம்பிச்சாங்க, அவங்க வாய்க்கு அவல் போட வேணாம்னு எடுத்துட்டோம்னு தல்மூத் சொல்லுது.

எத்தனை பேர் இருந்தா "நாங்கள்"? பத்து. அந்தப் பத்து எங்கேர்ந்து வந்துச்சுன்னு தல்மூத் குடுக்கிற காரணம் வேடிக்கையானது, கானானை வேவு பாக்கப் போன 12 பேர்ல யோசுவாவும் காலேபும் போக மிச்ச பத்து பேரைக் கடவுள் "பொல்லாத சபை"ங்கிறார், ஆக பத்து பேர்னா சபை. பயந்து போய் பொய் சொன்ன பத்து பேரை வச்சுத்தான் புனிதக் கூட்டத்துக்கே அளவு எடுத்திருக்காங்க! தனியா இருக்கிறவனுக்கும் வழி இருக்கு. நாலாம் நூற்றாண்டு பாபிலோனியாவுல அபாயேன்னு ஒரு ஆசிரியர், தனியாப் பயணம் போறவன் கூட "என்னைக் காப்பாத்தும்"னு சொல்லக் கூடாது, "எங்களைச் சமாதானமாய் நடத்தும்"னு தான் சொல்லணும், மனுஷன் எப்பவும் கூட்டத்தோட தன்னைச் சேத்துக்கணும்னாரு. நடுக்காட்டுல ஒத்தை ஆளு, வாயில "எங்கள்".

முகத்தையும் விடல. வடக்குல நிக்கறவன் தெற்கைப் பாக்கணும், கிழக்குல நிக்கறவன் மேற்கைப் பாக்கணும், இப்படி மொத்த இஸ்ரவேலும் ஒரே இடத்தைப் பாத்து ஜெபம் பண்ணும்னு தொசெஃப்தா. சிரியாவுல யூப்ரடீஸ் கரையில துரா எயுரோப்போஸ்ங்கிற கோட்டை ஊர்ல 1932-ல ஒரு ஜெபஆலயத்தைத் தோண்டி எடுத்தாங்க, கி.பி. 244-245-ல புதுப்பிச்சது, சுவர் பூரா பைபிள் காட்சி ஓவியங்கள், உருவம் வரையவே மாட்டாங்கன்னு நெனைச்சிட்டிருந்த ஆய்வாளர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. அங்கேர்ந்து எருசலேம் மேற்குல, வேதச் சுருள் வைக்கிற மாடமும் மேற்குச் சுவர்ல தான், மாடத்துக்கு மேல கோயில் முகப்பு, ஏழு கிளை விளக்கு. அந்தக் கோயில் இடிஞ்சு அப்பவே 170 வருஷத்துக்கு மேல ஆச்சு, அதைப் பாத்த ஒரு ஆள் கூட உயிரோட இல்ல, ஆனாலும் தினம் அதைப் பாத்து தான் நிக்கறாங்க.

இவ்ளோ கறாரா இருந்தவங்க பாஷை விஷயத்துல மட்டும் தாராளம். ஷெமாவையும் ஜெபத்தையும் எந்த பாஷையிலயும் சொல்லலாம்னு மிஷ்னாவுலயே விதி. செசரியா ஊர்ல ஷெமாவைக் கிரேக்கத்துல சொல்றத ஒரு ரபி கேட்டுட்டு நிறுத்தப் பாத்தாரு, ரபி யோசேக்குக் கோவம் வந்துடுச்சு, எபிரெயம் படிக்கத் தெரியாதவன் அப்போ சொல்லவே கூடாதா, எந்த பாஷை தெரியுமோ அதுல சொல்லட்டும்னு அடக்கினாரு.

பொம்பளைங்களுக்கு? ஷெமா கட்டாயமில்ல, ஆமிதா கட்டாயம்னு மிஷ்னா சொல்லுது. ரபி யூதா பேர்ல வர்ற மூணு தினசரி ஸ்தோத்திரம் தான் நெஞ்சைக் குத்தும், என்னைப் புறஜாதியா படைக்காததுக்கு, படிக்காதவனா படைக்காததுக்கு, பெண்ணா படைக்காததுக்குன்னு. அதே சமயம் இன்னைக்கு துருக்கியில இருக்கிற ஸ்மிர்னாவுல ரூஃபீனான்னு ஒரு யூதப் பெண்மணி, கல்வெட்டு அவங்களை ஜெபஆலயத் தலைவின்னே சொல்லுது. ரபிகள் எழுதினது ஒண்ணு, கல்லுல இருக்கிறது ஒண்ணு. அதே துருக்கிப் பக்கம் அஃப்ரோடிசியாஸ்ங்கிற ஊர்ல கெடைச்ச பெரிய கல்வெட்டுல யூதர்கள் பேரோட மதம் மாறி வந்தவங்க மூணு பேரும், மாறாமலே ஒட்டிக்கிட்டு இருந்த "தேவனுக்குப் பயந்தவங்க" ஐம்பதுக்கு மேலயும் பேர் பேரா இருக்காங்க, அதுல நகர சபை உறுப்பினர்கள் வேற. அந்தியோகியாவுல 386-387-ல ஜான் கிறிசோஸ்தம்ங்கிற கிறிஸ்தவப் போதகர் மேடை மேடையா கத்தினதே, நம்ம கிறிஸ்தவங்க ஏன் யூதப் பண்டிகைக்கு ஓடறீங்க, சத்தியம் பண்ண ஏன் அவங்க ஜெபஆலயத்துக்குப் போறீங்கன்னு தான். கோடு போட்டவங்க ரெண்டு பக்கமும் இருந்தாங்க, கோட்டை மிதிச்சுக்கிட்டே நடமாடினவங்களும் ரெண்டு பக்கமும் இருந்தாங்க.

அந்த மதம் மாறினவன் கதைக்கு வருவோம், "உங்கள்"னு சொல்லச் சொல்லி நிறுத்தி வச்சிருந்தோம்ல. இஸ்ரவேல் நாட்டுல தொகுத்த இன்னொரு தல்மூத்தான எருசலேம் தல்மூத்ல ரபி யூதா, ஆமா அந்த மூணு ஸ்தோத்திரம் சொன்ன அதே பேர்க்காரர், இதுல எதிர்ப்பக்கம் நிக்கறாரு. கடவுள் ஆபிரகாமை "திரளான ஜாதிகளுக்குத் தகப்பன்" ஆக்கினாருன்னு எழுதியிருக்கே, அப்போ இவனுக்கும் அவர் தகப்பன் தானே, தாராளமா "எங்கள் பிதாக்கள்"னு சொல்லட்டும்ங்கிறாரு. வழக்கு ரபி அபாஹுகிட்ட வருது, அவர் இருந்த ஊர் செசரியா, கிரேக்கத்துல ஷெமா சொன்ன அதே ஊர், அவர் ரபி யூதா சொன்னபடியே தீர்ப்பு குடுத்தாரு. அப்படியும் கேள்வி சாகல. பன்னெண்டாம் நூற்றாண்டுல ஒபதியாங்கிற மதம் மாறின ஒருத்தர் எகிப்துல இருந்த பெரிய யூத அறிஞர் மைமோனிடஸுக்கு இதையே கடிதமா எழுதிக் கேக்கறாரு, "எங்கள் தேவனே, எங்கள் பிதாக்களின் தேவனே"ன்னு நான் சொல்லலாமா? எல்லாத்தையும் அப்படியே சொல்லு, ஒரு வார்த்தையும் மாத்தாதேன்னு பதில் வருது. ஒரே ஒரு இடத்துல மட்டும் சலுகை, "எங்களை எகிப்திலிருந்து புறப்படப்பண்ணினவர்"ங்கிற இடத்துல வேணும்னா "இஸ்ரவேலைப் புறப்படப்பண்ணினவர்"னு மாத்திச் சொல்லிக்கோ, மாத்தலேன்னாலும் ஒண்ணும் குறைஞ்சு போயிடாது.